தரம் 9 கோபுரச் செயற்றிட்டம்: பெற்றோருக்கு அதிபரின் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். இந்தத் தவணை தரம் 9 பிள்ளைகள் விஞ்ஞானத்தையும் கணிதத்தையும் சேர்த்துச் செய்யும் செயற்றிட்டம் வானளாவிகளைப் பற்றியது. கடந்த கூட்டத்தில் ஒரு தந்தையார் எழும்பி, "பனையையும் கோயில் கோபுரத்தையும் விட்டால் இங்க உயரமா என்ன இருக்கு? இதைப் படிச்சு என்ன செய்யிறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அன்று நேரம் போதவில்லை, ஆகவே இங்கே எழுதுகிறேன்.

எங்கள் பிள்ளைகள் பலருக்கு ரொறன்ரோவில் ஒரு மாமியோ சித்தப்பாவோ இருக்கிறார். வட்ஸ்அப்பில் கதைக்கும்போது இருபதாம் மாடி யன்னலால் வெளியே காட்டுகிறார். அந்த மாடி எப்படி விழாமல் நிற்கிறது என்று பிள்ளை கேட்டால் யாராவது பதில் சொல்லத்தானே வேண்டும்.

நல்ல பலமான கல் கிடைத்ததால் உயரமாகக் கட்டினார்கள் என்றுதான் பிள்ளைகள் நினைக்கிறார்கள். கல்லால் கட்டினால், மாடி ஏற ஏறக் கீழ்ச்சுவர் தடித்துக்கொண்டே போகும். சிக்காகோவில் மொனட்நொக் கட்டடத்தின் வடபாதி 1891இல் முடிந்தது. 16 மாடி, பாரத்தைத் தாங்குவது செங்கற்சுவர்கள். நிலமட்டத்தில் அவற்றின் தடிப்பு 1.8 மீற்றர்! வாடகைக்கு விடவேண்டிய இடத்தைச் சுவரே விழுங்கிவிட்டது. களிமண் நிலமாதலால் கட்டடம் பல அங்குலம் அமிழ்ந்தும் போனது. இரண்டு வருடம் கழித்து அதன் தென்பாதியை உருக்குச் சட்டகத்தில், அதாவது தூண்களும் வளைகளும் பொருத்திய எலும்புக்கூட்டில், எழுப்பினார்கள். பாரம் சட்டகத்துக்குப் போனதும் சுவர் மெலிந்தது. ஒரே கட்டடத்தில் இரண்டு காலம். இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. அதே நகரில் 1885இலேயே வில்லியம் லெ பாரன் ஜென்னி 10 மாடி ஹோம் இன்சூரன்ஸ் கட்டடத்தை இரும்பும் உருக்கும் கலந்த சட்டகத்தில் எழுப்பியிருந்தார். முதல் வானளாவி அதுதானா என்று அறிஞர்கள் இன்றும் சண்டை பிடிக்கிறார்கள். பரீட்சைக்கு அது போதும்.

சரி, சட்டகம் வந்தாயிற்று. பத்து மாடி யார் ஏறுவது? 1854இல் நியூயோர்க் கண்காட்சியொன்றில் எலிஷா ஓட்டிஸ் ஒரு லிப்ட் மேடையில் ஏறி நின்று, அதைத் தூக்கிய கயிற்றை எல்லோரும் பார்க்க வெட்டச் செய்தார். மேடை சற்றே இறங்கி நின்றது. கயிறு தளர்ந்தவுடன் வில் விரிந்து, பக்கத்துத் தண்டவாளப் பற்களில் மாட்டிக்கொள்ளும்படி செய்திருந்தார். அதுவரை மலிவாகப் போன மேல்மாடிகள், லிப்ட் வந்த பிறகு ஆகக் கூடிய வாடகைக்குப் போகத் தொடங்கின.

ஒரு அளவுக்கு மேல் உயர்ந்தால் பாரத்தைவிடக் காற்றுதான் பொறியியலாளரின் தூக்கத்தைக் கெடுக்கிறது. சோளகம் அடிக்கும்போது பனையைப் பார்த்த பிள்ளைக்கு இதை விளக்குவது சுலபம். கட்டடமும் ஆடும், உள்ளே இருப்பவருக்குத் தலை சுற்றாமல் ஆடவேண்டும், அவ்வளவுதான். இதற்கு நல்ல வழி கண்டவர் நம் பக்கத்து ஆள், 1929இல் டாக்காவில் பிறந்த ஃபஸ்லூர் ரஹ்மான் கான். உள்ளே தூண்களை நிரப்பாமல் வெளிச்சுற்றையே இறுக்கமான குழாயாக்கினால், கட்டடம் தன் முழு அகலத்தாலும் காற்றை எதிர்க்கும் என்றார். சிக்காகோவின் 100 மாடி ஜோன் ஹான்கொக் கட்டடத்தின் வெளியே தெரியும் பெரிய பெருக்கல் குறிகளை அலங்காரம் என்று எண்ணவேண்டாம். காற்றின் விசையைக் கீழே இறக்கும் சாய்தாங்கிகள் அவை. தாய்பேயில் 508 மீற்றர் உயரத்தில் நிற்கும் 101 மாடிக் கட்டடத்தில் வேறொரு தந்திரம். 12.5 சென்ரிமீற்றர் தடிப்பான 41 உருக்குத் தட்டுகளை அடுக்கிச் செய்த 660 தொன் கோளம் ஒன்று மேல்மாடிகளில் வடங்களில் தொங்குகிறது. கட்டடம் ஒரு பக்கம் போக, கோளம் பிந்தி அசைந்து ஆட்டத்தைக் குறைக்கிறது.

ஆக உயரமானது எது என்ற கேள்வியும் கட்டாயம் வரும். துபாயின் புர்ஜ் கலீபா, 828 மீற்றர். அதில் ஆள் புழங்கும் கடைசி மாடிக்கு மேல் 240 மீற்றருக்கும் அதிகம் வெறும் கூர்முனைதான்; அந்தப் போட்டியில் எனக்குப் பெரிய மதிப்பில்லை. அதன் அத்திவாரத்தில்தான் மதிப்பு. 1.5 மீற்றர் விட்டமான 192 கொங்கிறீட் பைல்கள் (நிலத்துக்குள் இறக்கும் தூண்கள்) ஏறத்தாழ 50 மீற்றர் ஆழம்வரை போகின்றன. அங்கே பாறை மென்மையானது, எனவே பைல்களின் பக்க உராய்வுதான் பெரும்பகுதிப் பாரத்தைத் தாங்குகிறது.

இனி அந்தத் தந்தையாருக்கு நேரடியாக. எங்கள் யாழ்ப்பாண நிலம் சுண்ணாம்புக்கல். மேலே கல்லாகத் தெரிந்தாலும் உள்ளே நீர் கரைத்த பொந்துகள் இருக்கும். நிலாவரைக் கிணறே அப்படி உண்டானதுதான். இங்கே உயரக் கட்ட நினைப்பவர் முதலில் துளையிட்டு அடியைப் பார்க்கவேண்டும். பொது நூலகத்துக்கு அருகே கலாசார மண்டபத்தின் 11 மாடி எழுந்துவிட்டது. இனி வருபவற்றைக் கணக்குப் போட எங்கள் பிள்ளைகளும் இருக்கட்டுமே.

செய்முறைக்கு வருவோம். ஐந்து பேர் கொண்ட குழு, பழைய பத்திரிகை, ஈர்க்கு, கோதுமை மாப் பசை. ஒரு மீற்றர் கோபுரம் கட்டி, உச்சியில் ஒரு கொப்பியை வைத்து, மேசை ஃபானின் முன்னால் நிறுத்துவோம். அண்ணாமார் செய்துகொடுத்ததையும் கடையில் வாங்கியதையும் ஏற்கமாட்டோம், பார்த்தவுடன் தெரிந்துவிடும். விழுந்த கோபுரத்துக்கும் புள்ளி உண்டு, எந்த மூட்டு முதலில் விட்டதென்று படம் வரைந்து எழுதியிருந்தால்.

அதற்கு அடுத்த வாரம் அந்த 11 மாடிக் கட்டடத்தை வெளியே நின்று அளக்கப் போகிறோம். பாகைமானியில் நூல் கட்டி ஏற்றக் கோணம் எடுத்து, அளவிடைப் படம் வரைந்து உயரம் காண்பார்கள். தொப்பியும் தண்ணீர்ப் போத்தலும் கட்டாயம். ஒப்புதல் படிவத்தைப் புதன்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள்.

உங்களில் மேசன் வேலையோ கம்பி கட்டும் வேலையோ செய்பவர்கள் இருந்தால் ஒரு பாடவேளை வாருங்கள். கொங்கிறீட்டுக்குள் கம்பியை எந்தப் பக்கம் வைப்பது, ஏன் என்று நீங்கள் சொன்னால் பிள்ளைகள் கவனமாகக் கேட்பார்கள். வரக்கூடிய நாளைப் படிவத்தின் பின்பக்கத்தில் குறித்தால் போதும்.

இங்ஙனம்,
அதிபர்