டவுன்ஹால் ரோட்டில் பார்த்த அண்ணனுக்கு நன்றி

போன சனிக்கிழமை சாயங்காலம், மதுரை டவுன்ஹால் ரோட்டில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடையில், கையில் டாட் போர்டோடு (பாகங்களைப் பற்றவைக்கும் துளைப் பலகை) முழித்துக்கொண்டு நின்றவன் நான்தான்.

லேப்டாப்பிலிருந்து சிப்புகளுக்குப் புரோகிராம் ஏற்றும் கருவி, வீட்டிலேயே செய்த யூஎஸ்பிஏஎஸ்பி புரோகிராமர் அது. அதிலிருக்கும் அட்மெகா8 சிப்புக்கு முதல் புரோகிராமை ஏற்றவே இன்னொரு புரோகிராமர் வேண்டும். நண்பனின் ஆர்டுயினோ போர்டை அதற்காக இரவல் வாங்கி அதை முடித்தேன், அது தனிக்கதை. ஆனால் லேப்டாப்பில் செருகினால் அடையாளம் தெரியாத சாதனம் என்றே மூன்று வாரமாகப் பல்லவி.

சிப்புக்குத் துடிப்பு தரும் 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல்மேல் பழியைப் போட்டு, புதுசு வாங்க வந்திருந்தேன். "கொண்டாங்க தம்பி, பார்ப்போம்" என்று நீங்கள் போர்டை வாங்கினீர்கள். டேட்டா லைன்களில் வோல்டேஜ் ஏறாமல் பிடித்துவைக்கும் ஜீனர் டயோடைத் தொட்டு, "இது ஒரு வாட்டுல்ல?" என்றீர்கள். 3.6 வோல்ட் சரியாக இருந்தால் போதும், வாட் கூடினால் இன்னும் நல்லதுதானே என்று நினைத்திருந்தேன். ஒரு வாட் மாதிரித் தடித்த ஜீனருக்குக் கெப்பாசிட்டன்ஸ், அதாவது மின்னூட்டத்தைத் தேக்கும் தன்மை, அதிகம். நொடிக்கு 15 லட்சம் பிட் ஓடும் லைனில் சிக்னலின் விளிம்பையே மழுக்கிவிடும் என்று கடை பில்லின் பின்னால் வரைந்து காட்டினீர்கள். அரை வாட் ஜீனர் இரண்டை நீங்களே வாங்கித் தந்தீர்கள். காசு கொடுத்தபோது மல்லிகைப்பூ பொட்டலம் இருந்த கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டீர்கள். பேர்கூடக் கேட்கவில்லை.

ராத்திரியே மாற்றினேன். செருகியதும் பிடித்துக்கொண்டது. அதை வைத்துப் புரோகிராம் ஏற்றிய அட்டைனி13 சிப் ஒன்றில் எல்இடி மினுக்குகிறது அண்ணே. ரொம்ப நன்றி. அந்தத் தடித்த ஜீனர் இரண்டும் இன்னும் டப்பாவில்தான் கிடக்கின்றன.