இரண்டு சேனல் 38 ரூபாய், எட்டு சேனல் 37 ரூபாய் 40 காசு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் கேபிள் கட்டணம் ஏறினால், வசூலுக்கு வருகிறவரிடம்தான் எல்லோரும் சண்டை பிடிக்கிறோம். கட்டண சேனலுக்கு விலை வைப்பது அவரல்ல, சேனல் நிறுவனம்.

டிராய் (இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) விதிப்படி, தனிவிலை 19 ரூபாயைத் தாண்டிய சேனலை, பல சேனல்களைச் சேர்த்து விற்கும் தொகுப்பில் சேர்க்கக் கூடாது. தொகுப்புக்குத் தரும் தள்ளுபடி, தனிவிலைகளின் கூட்டுத்தொகையில் 45 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு நிறுவனத்துக்கு எல்லோரும் பார்க்கும் சேனல் இரண்டு, தலா 19 ரூபாய். யாரும் தேடாத சேனல் ஆறு, தலா 5 ரூபாய். மொத்தம் 68. அதில் 45 சதவீதம் கழித்தால் தொகுப்பின் விலை 37 ரூபாய் 40 காசு. வேண்டிய இரண்டை மட்டும் கேட்டால் 38 ரூபாய்! 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்தால் இரண்டு சேனல் 44.84, எட்டு சேனல் 44.13. இரண்டு போதும் என்று யார் சொல்வார்கள்? ஆறும் சும்மா வந்ததாகத் தோன்றும்; உண்மையில் அந்த இரண்டின் விலையில்தான் ஆறும் ஏறி உட்கார்ந்திருக்கின்றன.

யாரும் பார்க்காத சேனலுக்கும் இப்படிச் சந்தாதாரர் கணக்கு ஏறிவிடுகிறது. பெரிய தொகுப்பு இல்லாத ஒற்றைச் சேனல், எவ்வளவு நன்றாக நடத்தினாலும், அதோடு மோத முடியாது. எம்.எஸ்.ஓ.வுக்கும் (சேனல்களை வாங்கி, கேபிள்காரர் வழியாக வீடுகளுக்கு அனுப்பும் நிறுவனம்) தொகுப்பைத் தள்ளிவிடவே விருப்பம்: சேனல் நிறுவனம் அதற்குத் தருவது சேனல் விலையில் குறைந்தது 20 சதவீதம் விநியோகக் கட்டணம், அதற்கு மேல் 15 சதவீதம் வரை தள்ளுபடி உண்டு.

2020 ஜனவரியில் இதே டிராய், தொகுப்பில் சேரும் சேனலின் விலை வரம்பை 12 ரூபாயாகவும், தள்ளுபடியை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகவும் குறைத்தது. சேனல் நிறுவனங்கள் நீதிமன்றம் போயின. 2021 ஜூனில் பம்பாய் உயர் நீதிமன்றம் அந்த ஆணையின் பெரும்பகுதியை ஏற்றுக்கொண்டது. அப்படியும் 2022 நவம்பரில் 19 ரூபாய், 45 சதவீதம் என்று வந்து நின்றது. வென்ற விதியை ஏன் விட்டுக்கொடுத்தார்கள் என்பதே எங்கள் ஆதங்கம். தள்ளுபடியை மட்டும் குறைத்துப் போட்டால் மேற்படி கணக்கு எப்படி மாறும் என்று பாருங்கள்: மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடியில் எட்டு சேனல் சுமார் 45 ரூபாய். அப்போது 38 ரூபாய்க்கு இரண்டு சேனல் கேட்பவருக்கு மிச்சம் நிற்கும். அந்தத் தள்ளுபடி வரம்பு திரும்பவும் வர வேண்டும்.

அதுவரை கையில் இருப்பதைச் செய்யலாம். 999-ஆம் எண்ணில் வாடிக்கையாளர் தகவல் சேனல் இருக்க வேண்டும் என்பது விதி. ரசீதில் நெட்வொர்க் கட்டணம் (இணைப்புக்கான அடிப்படைக் கட்டணம்), கட்டண சேனல், வரி மூன்றையும் பிரித்துக் கேளுங்கள். நெட்வொர்க் கட்டணத்துக்கு இருந்த உச்சவரம்பு 2024 ஜூலையில் நீங்கிவிட்டதால் அது ஊருக்கு ஊர் மாறலாம். ஒரே சேனல் எச்.டி.யிலும் சாதாரணத்திலும் இரண்டு முறை ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு தொடருக்காக ஒரே சேனல் பார்க்கும் ஆச்சிமார்களுக்குத் தனியாக எடுத்தால் வரியோடு 22 ரூபாய் 42 காசுதான், தொகுப்பு தேவையில்லை.

செட்டிநாட்டில் படைப்புக்கும் (முன்னோர் வழிபாடு) கல்யாணத்துக்கும் மட்டும் திறக்கும் வீடுகள் ஏராளம். ஒரே வீட்டில் பங்காளிகளுக்குத் தனித்தனி பாக்ஸ் வேறு. வீட்டைப் பூட்டிப் போகும் முன் இணைப்பை முழு மாதக் கணக்கில் நிறுத்திவைக்கச் சொல்லலாம். பூட்டிய வீட்டு பாக்ஸுக்குப் பணம் கட்டிக்கொண்டே இருந்தால், அதுவும் சேனல் நிறுவனத்தின் சந்தாதாரர் கணக்கில்தான் சேரும்.

தனிநபர் புகாரை டிராய் விசாரிப்பதில்லை. முதலில் எம்.எஸ்.ஓ.வின் கட்டணமில்லாத் தொலைபேசியில் பதிந்து புகார் எண் வாங்குங்கள். தீராவிட்டால் அந்த எண்ணோடு அவர்களுடைய நோடல் அதிகாரிக்கு (தீராத புகார்களைக் கவனிக்கும் அதிகாரி) எழுதுங்கள்.

இப்படிக்கு,
கேபிள் சந்தாதாரர்கள் சிலர்,
காரைக்குடி.