குன்னூர்ப் பெட்டி இங்கே திறக்கும்போது

மெல்போர்ன்,
ஜூலை மாதம்

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. நலம். இங்கே இப்போது குளிர்காலம், நம்ம ஊர் மார்கழி மாதிரிதான். ஸ்வெட்டர் போதுமென்று அம்மாவிடம் சொல்.

நீங்கள் கண்டெய்னரில் ஏற்றிவிடும் தேயிலை இங்கே எப்படி இறங்குகிறது என்று போனில் கேட்டாய். பேச்சில் பாதிதான் பிடிபடும், அதனால் எழுதுகிறேன்.

இங்கே ட்ரைவர்தான் எல்லாம். கிளீனர் கிடையாது, லோடுமேன் கும்பலும் கிடையாது. துறைமுகத்துக்குள் போகவே முன்கூட்டி நேரம் பதிவு செய்திருக்க வேண்டும். ட்ரெய்லர் என்பது பலகையில்லாத வெறும் இரும்புச் சட்டம். கண்டெய்னரின் மூலைகளில் துளை வைத்த எஃகு வார்ப்புகள் இருக்கும். கீழ்மூலை நான்கிலும் ட்ரெய்லரில் உள்ள ட்விஸ்ட் லாக் என்னும் திருகுப்பூட்டு நுழையும். கால் சுற்று திருப்பினால் பூட்டு.

குடோனில் தரையில் இறக்க வேண்டுமென்றால் சைட்லோடர் வரும். ட்ரெய்லரிலேயே முன்னும் பின்னும் இரண்டு கிரேன் கைகள். முதலில் மேலே கரண்ட் கம்பி இருக்கிறதா என்று அண்ணாந்து பார்க்க வேண்டும். பிறகு இறக்கும் பக்கம் வண்டியின் தாங்குகால்களை நீட்டி ஊன்ற வேண்டும். மண் தரையென்றால் கால் புதையும், அடியில் தடித்த பலகை கட்டாயம். சங்கிலியைக் கீழ்மூலை வார்ப்பில் மாட்டி, நான்கு லாக்கையும் திறந்து, ஒரு சாண் மட்டும் தூக்கி நிறுத்திப் பார்ப்பார்கள். அந்த ஒரு சாண்தான் முக்கியம். ஒரு லாக் திறக்காமல் இருந்தால் பெட்டியோடு ட்ரெய்லரும் சேர்ந்து எழும்பும். அப்போதே நிறுத்தாவிட்டால் வண்டி கவிழும்.

இறக்காமல் ட்ரெய்லரிலேயே வைத்துச் சரக்கெடுப்பதில் வேறொரு வம்பு. 40 அடி ட்ரெய்லரின் பின்கோடியில் 20 அடிப் பெட்டி ஒன்றை மட்டும் வைத்து, முன்னால் இழுக்கும் வண்டியைக் கழற்றிவிட்டால், ஃபோர்க்லிஃப்ட் உள்ளே ஏறிய கணத்தில் ட்ரெய்லரின் மூக்கு மேலே தூக்கிவிடும். வண்டியைக் கழற்றாமல் வைத்துக்கொள்வதே மேல். கழற்றித்தான் ஆகவேண்டுமென்றால் அடியில் முட்டு கொடுக்க வேண்டும்.

இதெல்லாம் கண்ணுக்குத் தெரியும் ஆபத்து. எனக்குப் பயம் பெட்டிக்குள்ளே இருப்பதுதான். மேட்டுப்பாளையம் இறங்கும் லாரியில் 14 கொண்டை ஊசி வளைவிலும் மூட்டை சாய்ந்தால் கண்ணாடியில் தெரியும். பர்லியாறில் நிறுத்திக் கயிற்றை இழுத்துக் கட்டலாம். கண்டெய்னரில் சீல் போட்டபின் வாரக்கணக்கில் யாரும் பார்ப்பதில்லை. அடுக்கியவனை நம்பித்தான் ஓட்டுகிறோம்.

கணக்கைப் பார். 20 அடிப் பெட்டியின் உள்ளகலம் சுமார் 2.35 மீட்டர், நீளம் 5.9 மீட்டர். 1.1 மீட்டர் பேலட்டை, அதாவது மூட்டை அடுக்கும் சதுரத் தட்டை, இரண்டிரண்டாக ஐந்து வரிசை, மொத்தம் பத்து வைத்தால், அகலத்தில் 15 சென்டிமீட்டரும் நீளத்தில் 40 சென்டிமீட்டரும் சும்மா கிடக்கும். கிட்டத்தட்ட ஒரு முழம்! பிரேக் போட்டால் சரக்கு எடையில் 80 சதவீத விசை முன்னோக்கியும், வளைவில் 50 சதவீதம் பக்கவாட்டிலும் தள்ளும் என்று வைத்துத்தான் இங்கே சட்டப்படி சரக்கைக் கட்ட வேண்டும். அந்த முழ இடைவெளியில் மூட்டைகள் நகர்ந்து நகர்ந்து கடைசி வரிசை கதவில் சாய்ந்துகொள்ளும்.

அதனால் கதவைத் திறப்பதே ஒரு வேலை. முதலில் பூச்சிமருந்துப் புகை போட்ட எச்சரிக்கை ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்போம். இருந்தால் காற்றாடவிட்டு, சோதித்துப் பார்த்த பிறகுதான் உள்ளே. வலது கதவுதான் முதலில் திறக்கும், இடது கதவின் விளிம்பை அது மூடியிருப்பதால். கதவுக்குப் பின்னால் ஒதுங்கி நின்று ஒரு கை அகலம் மட்டும் திறந்து பார்ப்போம். நேர் எதிரே நிற்பவன் மேல் மூட்டைச் சரிவு மொத்தமும் விழும்.

ஆகவே நீ செய்ய வேண்டியது: இடைவெளியில் காற்றுப்பை அடை, இல்லையென்றால் மரச்சட்டம் கொடு. பேலட் இல்லாமல் மூட்டையாக ஏற்றினால் செங்கல் கட்டுவது போல இணைப்பு மாற்றி அடுக்கு. கடைசி வரிசையைச் சுவர் வளையங்களில் பெல்ட் போட்டுக் கட்டு. பெட்டியின் பாதி நீளத்தில் 60 சதவீதத்துக்கு மேல் எடை சேரவிடாதே.

தேயிலைக்கென்று இன்னும் உண்டு. ஏற்றுமுன் உள்ளே ஏறிக் கதவைச் சாத்தச் சொல்லி, இருட்டில் நின்று பார். ஊசித்துளை வெளிச்சம் தெரிந்தாலும் அந்தப் பெட்டி வேண்டாம். அப்படியே மூச்சை இழுத்துப் பார். மசாலா, தோல், மருந்து வாடை எது இருந்தாலும் தேயிலை அதைக் குடித்துக்கொள்ளும். மழையில் நனைந்த பேலட்டை ஏற்றவே ஏற்றாதே. கொச்சி வெக்கையில் மூடிய ஈரக்காற்று இந்தக் குளிருக்கு வரும்போது கூரைத் தகரத்தில் முத்து முத்தாய்க் கோத்து மேல் மூட்டைகளில் சொட்டும். ஈரம் உறிஞ்சும் பைகளைக் கணக்காகத் தொங்கவிடு. அதில் மிச்சம் பிடிக்கும் முதலாளி மூட்டையில் இழப்பார்.

கதவு சாத்துமுன் கடைசி வரிசையை ஒரு போட்டோ, சீல் போட்டபின் நம்பர் தெரிய இன்னொன்று எடுத்து அனுப்பு. காகிதத்தில் உள்ள நம்பரும் சீலும் ஒத்துப்போகாவிட்டால், விசாரித்து முடியும்வரை இங்கே கதவில் கை வைக்க மாட்டோம்.

அப்பாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறதென்று எழுது.

அன்புடன்,
அண்ணன்