வாசகசாலையில் பறத்தல் வரலாற்றுக் கூடம்: நன்கொடை வேண்டுகோள்

மதிப்பிற்குரிய ஊர்ப் பெரியோர்களுக்கும், வெளியூர்களிலும் வளைகுடா நாடுகளிலும் பணிபுரியும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

கொழிஞ்சாம்பாறைப் பகுதியிலுள்ள நமது வாசகசாலையின் மாடியில் பழைய நாற்காலிகளும் கட்டுக்கட்டாக வார இதழ்களும் அடைந்து கிடக்கும் நீள அறையை, மனிதன் பறக்கக் கற்றுக்கொண்ட வரலாற்றைச் சொல்லும் கூடமாக மாற்றுவது என்று வாசகசாலைக் குழு ஒருமனதாக முடிவு செய்துள்ளது. சித்தூர் வட்டத்தின் தமிழ்வழிப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளை மனத்தில் வைத்தே இம்முடிவு எடுக்கப்பட்டது. எல்லா விளக்கப் பலகைகளும் தமிழில் இருக்கும். மலையாளத்தில் படிக்கும் பிள்ளைகளுக்காக அதே செய்தி பக்கத்திலேயே மலையாளத்திலும் எழுதப்படும்.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம். மேற்குத் தொடர்ச்சி மலை விட்டுக்கொடுத்த பாலக்காட்டுக் கணவாயின் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று கிழக்கே பாய்கிறது. அந்தக் காற்றை நம்பித்தான் உடுமலை, பல்லடம் பக்கத்துக் காற்றாலைகள் சுழல்கின்றன. கிழக்கே சூலூர் விமானப்படைத் தளத்தில் 2018 முதல் தேஜஸ் போர் விமானங்கள் நிற்கின்றன. ஆண்டுதோறும் விமானம் ஏறிப் போய்வருகிறவர்கள் ஏறக்குறைய வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார்கள். இவ்வளவு இருந்தும், அந்த விமானம் எப்படி மேலே நிற்கிறது என்று ஒரு குழந்தை கேட்டால் கையைப் பிடித்து அழைத்துச் சென்று காட்ட ஓர் இடம் நம் பக்கத்தில் இல்லை.

கூடத்தின் தொடக்கத்தில் பிரான்சு நாட்டின் மோன்கோல்ஃபியே சகோதரர்கள் இருப்பார்கள். காகிதத் தொழில் செய்த குடும்பத்தைச் சேர்ந்த அவர்கள், துணிக்கு உட்புறம் காகிதம் ஒட்டிப் பொத்தான்களால் இணைத்த பலூனை 1783 ஜூன் 4 அன்று அனோனே என்ற ஊரில் வெப்பக் காற்றால் உயர்த்திக் காட்டினார்கள். செப்டம்பரில் ஓர் ஆடும் ஒரு வாத்தும் ஒரு சேவலும் பறந்தன. நவம்பர் 21 அன்று பாரிசில் இரண்டு மனிதர்கள் ஏறத்தாழ 25 நிமிடங்கள் வானில் மிதந்தார்கள். அதே நவம்பர் 21இல், சரியாக 180 ஆண்டுகள் கழித்து, 1963ஆம் ஆண்டில் நம் கேரளத்தின் தும்பாவிலிருந்து முதல் ஆய்வு ராக்கெட் ஏவப்பட்டது என்பதைப் பிள்ளைகள் அறிந்தால் மகிழ்வார்கள் என்று நம்புகிறோம்.

ஆயினும் கூடத்தின் பெரும்பகுதியை ரைட் சகோதரர்களுக்கே ஒதுக்க விரும்புகிறோம். காரணம், அவர்களுடைய கதை படிப்பில் தொடங்கிக் கைவேலையில் முடிகிறது. ஜெர்மனியின் ஓட்டோ லிலியந்தால் நாரைகளைக் கவனித்துச் சிறகு செய்து, 1891 முதல் ஏறத்தாழ 2000 முறை மலைச்சரிவுகளிலிருந்து மிதந்து இறங்கி, 1896இல் அவ்வாறு பறந்தபோதே விழுந்து இறந்தார். அவருடைய முயற்சியால் தூண்டப்பட்ட வில்பர் ரைட், 1899 மே 30 அன்று அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அறிவியல் நிறுவனத்துக்குக் கடிதம் எழுதி, பறத்தல் குறித்து அதுவரை வெளியானவற்றைக் கேட்டார். அவர்களும் சில கட்டுரைகளையும் நூற்பட்டியலையும் அனுப்பினார்கள். கல்லூரிப் பட்டம் பெறாத ஒரு சைக்கிள் கடைக்காரர் நூல்களைக் கேட்டு எழுதிய அக்கடிதத்தின் செய்தியை ஒரு வாசகசாலை தன் சுவரில் எழுதி வைப்பது பொருத்தமே.

1901 கோடையில் ரைட் சகோதரர்கள் ஓட்டிய, இயந்திரமில்லாமல் காற்றில் மிதக்கும் கிளைடர், அக்கால வாய்பாடுகளின்படி கிடைத்திருக்க வேண்டிய தூக்குவிசையில் மூன்றில் ஒரு பங்களவே தந்தது. மனம் நொந்து திரும்பிய சகோதரர்கள், நூலில் இருப்பதைத் தாங்களே சோதிப்பது என்று துணிந்து, டேட்டன் நகரத்துக் கடையில் ஆறடி நீள மரப்பெட்டி ஒன்றைச் செய்து ஒரு முனையில் விசிறி பொருத்தினார்கள். இதுவே அவர்களுடைய காற்றுச் சுரங்கம். பழைய ஆக்சா பிளேடையும் சைக்கிள் ஆரக்கம்பியையும் கொண்டு தராசு செய்து, தகட்டில் வெட்டிய சிறு சிறகுகளை ஒவ்வொன்றாக அதில் பொருத்தி, காற்று எவ்வளவு தூக்குகிறது, எவ்வளவு தடுக்கிறது என்று அளந்தார்கள். ஏறத்தாழ 200 வடிவங்களை இவ்வாறு அளந்த பிறகே அவர்களுக்குச் சிறகின் வளைவு பிடிபட்டது. தூக்குவிசையைக் கணக்கிட நூறாண்டுக்கு மேலாக எல்லோரும் பயன்படுத்திவந்த காற்றழுத்த எண்ணே தவறு என்பதும் தெரிந்தது.

1903 டிசம்பர் 17 அன்று, இயந்திரம் பொருத்திய விமானத்தில் வில்பரின் தம்பி ஆர்வில் 12 நொடிகளில் 120 அடி பறந்தார். அன்றைய நான்காவது முயற்சியில் வில்பர் 59 நொடிகளில் 852 அடி சென்றார். சிறிது நேரத்தில் அடித்த பலத்த காற்று அந்த விமானத்தைப் புரட்டி உடைத்துவிட்டது. அது பிறகு பறக்கவே இல்லை. பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் இவ்விடத்தில் நிறுத்திவிடுகின்றன. எங்கள் கருத்தில் 1905 அக்டோபர் 5 அதைவிடப் பெரிய நாள்: அன்றுதான் வில்பர் வட்டமிட்டு வட்டமிட்டு 39 நிமிடங்களில் 24 மைல் பறந்தார்.

இந்தியப் பகுதியில், சென்னையில் ஓட்டல் நடத்திய டி ஆஞ்சலிஸ் 1910இல் பல்லாவரத்தில் பறக்கவிட்ட விமானமும், 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்ததும், 1935இல் அந்தச் சேவை திருவனந்தபுரம்வரை நீண்டதும் இடம்பெறும்.

இவற்றைப் படங்களாக மட்டும் மாட்டினால் போதாது என்பதில் குழு உறுதியாக இருக்கிறது. அதே ஆறடிக் காற்றுச் சுரங்கத்தை நம் ஊர்த் தச்சர்களைக் கொண்டு செய்து, பிள்ளைகள் தாமே சிறகு வெட்டிப் பொருத்தி அளக்கும்படி வைப்போம். ரைட் விமானத்தின் சிறகு வெளுக்காத பருத்தித் துணியால் மூடப்பட்டது. நம் பக்கத்துத் தறிகளில் நெய்யும் காடாத்துணியைக் கொண்டே சிறகின் ஒரு பகுதியை முழு அளவில் செய்துவிடலாம்.

மேற்கூரையும் மின்இணைப்பும் சீர்செய்ய 2,40,000 ரூபாயும், மாதிரிகளுக்கும் காற்றுச் சுரங்கத்துக்கும் 3,10,000 ரூபாயும், பலகைகளுக்கும் நூல்களுக்கும் 1,70,000 ரூபாயுமாக மொத்தம் 7,20,000 ரூபாய் தேவைப்படுகிறது. குழு உறுப்பினர்களும் அருகிலுள்ள வணிகர்களும் இதுவரை 1,85,000 ரூபாய் கொடுத்துள்ளனர். எஞ்சிய 5,35,000 ரூபாய்க்காகவே உங்கள் முன் நிற்கிறோம். 1999இல் திறக்கப்பட்ட நெடும்பாசேரி விமான நிலையம், சுமார் 30 நாடுகளில் வாழ்ந்த ஏறத்தாழ 10,000 பேர் முதலீடு செய்ததால் எழுந்தது. நம்முடையது அதில் ஒரு தூசிக்கும் ஈடாகாத சிறு பணியே ஆனாலும், பலர் சேர்ந்து கொடுத்தால் நிறைவேறும் என்பதை அந்த நிலையத்தில் இறங்கி ஊர் வருகிறவர்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை.

பணமாகத்தான் தர வேண்டும் என்பதில்லை. தேக்கு, வேங்கைப் பலகைகள், காடாத்துணி, பழைய மின்விசிறி மோட்டார், தச்சு வேலையில் ஓரிரு நாள் உழைப்பு என எதுவானாலும் ஏற்றுக்கொள்வோம். பம்பாய்வரை ரயிலில் சென்று முதன்முதலாக வளைகுடாவுக்கு விமானம் ஏறிய தலைமுறையினரின் வீடுகளில் அந்நாளைய பயணச்சீட்டோ, பெட்டியில் கட்டிய அட்டையோ, புகைப்படமோ இருந்தால் இரவலாகக் கொடுங்கள். பிரதி எடுத்துக்கொண்டு பத்திரமாகத் திருப்பித் தருவோம்.

நன்கொடைகளை மாலை 4 மணி முதல் 8 மணிவரை வாசகசாலையில் நேரில் செலுத்தி, வரிசை எண்ணிட்ட ரசீது பெற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம். வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊரிலுள்ள உறவினர் மூலம் செலுத்தலாம். வரவு செலவுக் கணக்கு மாதத்தின் முதல் ஞாயிறன்று அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். யார் வேண்டுமானாலும் பற்றுச்சீட்டுகளைக் கேட்டுப் பார்க்கலாம். ஆடி பிறக்குமுன் கூரை வேலை முடிந்தாக வேண்டும் என்பதால், முதல் தவணையையேனும் சித்திரை இறுதிக்குள் தந்துதவுமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
வாசகசாலைக் குழுவினர்