காஞ்சனாபுரி போகிறவர்கள் பாலத்தோடு திரும்பிவிட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

டிசம்பர் பள்ளி விடுமுறைக்கு பேங்காக் போகிற குடும்பங்கள் சிங்கப்பூரில் நம்மிடையே நிறைய. அங்கே போனால் காஞ்சனாபுரிக்கு ஒரு நாள் பயணமும் சேர்ந்துகொள்கிறது. காலையில் வேனில் ஏற்றி, குவாய் பாலத்தில் இறக்கி, படம் எடுக்க அரைமணி நேரம், அப்புறம் ரயில் சவாரி, சாப்பாடு, வழியில் மிதக்கும் சந்தை. பயணம் நன்றாகத்தான் இருக்கும், அதில் குறையில்லை. ஆனால் அந்தப் பாலத்தின் மேல் போகும் சயாம்-பர்மா 'மரண ரயில்' தண்டவாளத்தை இரண்டாம் உலகப் போரில் போடப் போய்ச் செத்தவர்களில் நம் ஆட்கள் எத்தனை பேர் என்று வேனில் யாரும் சொல்வதில்லை, பாதி வழிகாட்டிகளுக்கே அது தெரியாது.

தாய்லாந்தையும் (அன்றைய சயாம்) பர்மாவையும் இணைத்த 415 கிலோமீட்டர் பாதை அது. 1942ல் ஜப்பானியர் தொடங்கி, 1943 அக்டோபரில் இரண்டு முனைகளையும் இணைத்தார்கள். வேலை செய்த 60,000க்கும் மேற்பட்ட போர்க்கைதிகளின் கதை உலகத்துக்கே தெரியும். மலாயாவிலிருந்து மட்டும் 70,000க்கும் அதிகமான தொழிலாளர்கள் போனார்கள், அவர்களில் பெரும்பாலோர் ரப்பர் தோட்டத் தமிழர்கள் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? ரப்பர் ஏற்றுமதி நின்று, தோட்டத்தில் வேலையும் இல்லை அரிசியும் இல்லை என்ற நேரத்தில், நல்ல கூலி, சில மாதத்தில் திரும்பிவிடலாம் என்று கூட்டிப் போனார்கள், வர மறுத்தவர்களைப் பிடித்துக்கொண்டும் போனார்கள். மலேசியாவில் சொந்தக்காரர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள், "சயாமுக்குப் போனவர் வரவே இல்லை" என்று ஒரு தாத்தாவோ பெரியப்பாவோ எங்காவது இருப்பார்.

1943 மழைக்காலத்தில் முகாம்களில் காலரா பரவியது. போர்க்கைதிகளுடன் அவர்களுடைய டாக்டர்கள் இருந்தார்கள், அதிகாரிகள் ஒளித்து வைத்தாவது இறந்தவர் பட்டியல் எழுதினார்கள், புதைத்த இடத்தில் சிலுவை நட்டார்கள். தோட்டத்து ஆட்களுக்கு இதையெல்லாம் செய்ய யார் இருந்தார்? அதனால்தான் காஞ்சனாபுரி போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் இருந்தும் ஒரு தோட்டத் தொழிலாளியின் பெயரைப் பார்க்க முடியாது. நம் கிராஞ்சிப் போர் நினைவிடத்தில், உடல் கிடைக்காத 24,000க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்களைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள், பஞ்சாப், டோக்ரா, கூர்க்காப் படையினர் உட்பட. பட்டாளத்தில் சேர்ந்தவனுக்குக் கிடைத்தது பால்வெட்டுத் தொழிலாளிக்குக் கிடைக்கவில்லை.

சரி, போனால் எதைப் பார்ப்பது? பாலத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் 1944ல் ஜப்பானிய ராணுவமே கட்டிய ஒரு நினைவுத்தூண் இருக்கிறது. சுற்றிலும் பல மொழிகளில் கல்வெட்டுகள், அதில் தமிழும் உண்டு. சாகவிட்டவர்களே எழுப்பிய தூண் என்பதால் எனக்கு அதைப் பார்த்துக் கும்பிடத் தோன்றவில்லை, ஆனால் பிள்ளைகளுக்கு அந்தத் தமிழ் எழுத்துகளைக் காட்டத்தான் வேண்டும். கல்லறைத் தோட்டத்துக்குப் பக்கத்திலேயே வாட் தாவோன் வராராம் என்ற புத்த கோயில். ஆசியத் தொழிலாளர்களின் நினைவிடம் அங்கேதான், தமிழர்களுக்காக எழுப்பிய நடுகல்லும் அங்கேதான். முதலில் போக வேண்டிய இடம் அது. நேரம் மிச்சமிருந்தால் கல்லறைத் தோட்டத்தை ஒட்டியுள்ள ரயில்பாதை அருங்காட்சியகத்துக்கும் போகலாம்.

பாலத்தில் செல்ஃபி எடுப்பவர்களுக்கு ஒரு தகவல்: வளைந்த இரும்புச் சட்டங்கள்தான் போர்க்காலத்தவை. இடையில் கோணமாக நிற்கும் இரண்டும் குண்டுவீச்சில் போனவற்றுக்குப் பதிலாகப் பிறகு வைத்தவை.

தேக்காவிலிருந்து தமிழ்க் குழுக்களை அழைத்துப் போகும் பயண ஏற்பாட்டாளர்கள் மிதக்கும் சந்தையில் ஒரு மணி நேரத்தைக் குறைத்தாலே நினைவுத்தூண், வாட் தாவோன் கோயில் என்ற இந்த இரண்டு இடங்களையும் சேர்த்துவிடலாம். அவர்களாகச் செய்யாவிட்டால், முன்பணம் கட்டுவதற்கு முன் நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகர்