மூன்றாம் படிக்குக் கீழே

கேம்பிரிட்ஜ், ஒண்டாரியோ
ஜூன் 24, 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

தென்காசி அக்கா பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுப் போய் ஒரு மாதம் ஆகிறது. அப்பளக் கட்டுக்கு நடுவில் நீ மடித்து வைத்திருந்த கடிதத்தை அன்று ராத்திரியே படித்துவிட்டேன். பதில்தான் எழுதவில்லை. தினமும் போனில் பேசுகிறோமே என்று சாக்குச் சொல்லலாம். ஆனால் "சாப்பிட்டியா", "சாப்பிட்டேன்", "குளிருதா", "இல்லை" என்பதற்கு மேல் போனில் என்ன பேசினோம்? ஆச்சி வேறு ஸ்பீக்கரில் போடச் சொல்லிவிட்டு, கேட்கவில்லை என்று டி.வி. சத்தத்தைக் கூட்டுகிறாள்.

இன்றைக்கு உட்கார்ந்து எழுதுவதற்குக் காரணம் வள்ளியூரான். சனிக்கிழமை ஊருக்குப் புறப்படுகிறான். இந்தக் கடிதத்தையும் ஆச்சிக்கு இரண்டு கம்பளிக் காலுறையையும் அவனிடம்தான் கொடுத்தனுப்புகிறேன். வந்தால் நம் வீட்டில் ஒரு வேளை சாப்பிடாமல் போகமாட்டான், சாப்பிடும்போது வாயும் சும்மா இருக்காது. அதனால் அவன் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். முதலில் உட்கார்ந்துகொள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை, ஒரு சிராய்ப்புகூட இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின ஞாயிறு ஆற்றில் தோணி ஓட்டப் போனேன்.

தெரியும். நான் கைக்குழந்தையாக இருந்தபோது ஜோசியர் "தண்ணியில கண்டம்" என்று எழுதிக் கொடுத்ததிலிருந்து என்னைப் படித்துறையில் மூன்றாம் படிக்குக் கீழே நீ இறங்க விட்டதில்லை. மேலத்தெருப் பயல்கள் பாலத்திலிருந்து குதிக்கும்போது நான் துணிக்குக் காவல் இருந்தேன். 2018-ல் தாமிரபரணி புஷ்கரத்துக்கு எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வந்து முங்கிக் குளித்தார்கள். ஆற்றங்கரையில் பிறந்த எனக்கு நீ சொம்பில் மொண்டு தலையில் ஊற்றினாய். குறை சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

இங்கே ஓடுகிற ஆற்றுக்குப் பெயர் கிராண்ட் ரிவர். பேருக்கு ஏற்ற மாதிரி பெரிய ஆறு, சுமார் 280 கிலோமீட்டர் ஓடி ஈரி ஏரியில் விழுகிறது. நான் வேலைக்குப் போகிற வழியில்தான் பாலம். இரண்டு வருஷமாக மேலிருந்து பார்த்துக்கொண்டே போயிருக்கிறேன். குளிர்காலத்தில் ஓரமெல்லாம் பனிக்கட்டி அடைந்து கிடக்கும், நடுவில் மட்டும் கறுப்பாக ஒரு கோடு ஓடும். ஜூனில் அதே ஆறு மஞ்சள்பச்சையாக, சாதுவாக இருக்கிறது. வள்ளியூரானும் கூட்டாளிகளும் "வாடா, சும்மா உட்கார்ந்தா போதும், ஆறு இழுத்துட்டுப் போகும்" என்றார்கள். வாடகையை அவனே கொடுத்துவிட்டான். நான் கொடுக்கிறேன் என்று எவ்வளவோ சொல்லியும் வாங்கவில்லை.

இந்தத் தோணிக்குக் கனூ என்று பெயர். முன்னால் ஒருத்தர், பின்னால் ஒருத்தர். இந்த மண்ணின் ஆதிக்குடிகள் பூர்ச்ச மரப்பட்டையில் செய்தது இந்த வடிவம்தான், இப்போது பிளாஸ்டிக்கில் வார்க்கிறார்கள். பார்க்க அழகு. கால் வைத்தால் தெரியும் அதன் குணம், நம் வீட்டுத் தூளி மாதிரி ஆடும். ஆட்டம் குறையவேண்டும் என்றால் பலகையில் உட்காராமல் முட்டி போட வேண்டும். நான் மூன்று மணி நேரமும் முட்டிதான் போட்டேன். ஐந்தாம் வகுப்புக்குப் பிறகு இப்போதுதான்.

பாரிஸ் என்ற ஊரில் காரை நிறுத்திவிட்டு வேனில் ஏறினால், மேலே க்ளென் மாரிஸ் பாலத்துப் பக்கம் கொண்டுபோய் விடுகிறார்கள். அங்கிருந்து ஓட்டிக்கொண்டே பாரிஸுக்கு வந்து சேர வேண்டும். பெயரைப் பார்த்து பிரான்ஸ் என்று நினைத்துவிடாதே. அங்கே ஜிப்சம் கிடைத்ததால் வந்த பெயராம். ஆச்சி திண்ணையில் வழுக்கி விழுந்தபோது கையில் மாவுக்கட்டுப் போட்டார்களே, அந்த மாவு ஜிப்சத்திலிருந்து எடுப்பதுதான். ஆச்சியிடம் சொல்.

வேன் ஓட்டியவர் எல்லாம் விளக்கமாகச் சொன்னார். தண்ணீரில் அம்புமுனை மாதிரி வரி தெரிந்தால் பார்க்க வேண்டும். முனை நம்மைப் பார்த்து இருந்தால் அடியில் கல், முனை ஆறு போகிற பக்கம் இருந்தால் அதுதான் வழி. விழுந்து கிடக்கிற மரத்துப் பக்கம் போகவே கூடாது, தண்ணீர் கிளைகளுக்குள் புகுந்துவிடும், மனுஷன் புக முடியாமல் மாட்டிக்கொள்வான். பாரிஸில் பழைய தடுப்பணை இருக்கிறது, அதற்கு முன்னாலேயே கரையேறிவிட வேண்டும். கவிழ்ந்தால் இழுப்பில் எழுந்து நிற்கக் கூடாது, கற்களுக்கு நடுவே பாதம் சிக்கிக்கொள்ளும். மல்லாந்து, கால் இரண்டையும் முன்னால் தூக்கிக்கொண்டு மிதக்க வேண்டும். படகு கல்லில் மோதினால் கல்லை விட்டு விலகிச் சாயக் கூடாது, கல்லைப் பார்த்துச் சாய வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் எனக்குப் புரியவே இல்லை. எவனாவது இடிக்க வருகிறதைப் பார்த்துச் சாய்வானா?

லைஃப் ஜாக்கெட்டை நான் வேனிலேயே போட்டுவிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள்.

முதல் அரை மணி நேரம் எனக்கு எதுவுமே கண்ணில் படவில்லை, வள்ளியூரான் போட்ட சத்தம்தான் காதில். "இடதுபக்கம் போடுலே! உன் இடது!" அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கை பழகியது. சாம்பல்நீலத்தில் ஒரு பெரிய நாரை, நம் கொக்கைவிட மூன்று மடங்கு இருக்கும், நாங்கள் கிட்டே போகும்வரை அசையாமல் நின்று, பிறகு அலுத்துக்கொண்டு எழுந்து போனது. ஒரு மரக்கட்டையில் ஆறேழு ஆமைகள் வரிசையாக வெயில் காய்ந்தன. துடுப்பை எடுத்தால் சொட்டுகிற சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. இரண்டு வருஷத்தில் அந்த மாதிரி ஒரு அமைதியில் எனக்கு பயமில்லாமல் இருந்தது அன்றைக்குத்தான்.

அந்த நேரம் பார்த்துத்தான் கல் வந்தது. அம்புமுனை நம்மைப் பார்த்துத்தான் இருந்தது, நான்தான் நாரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். படகு குறுக்கே திரும்பிப் போய் ஒட்டியது. நான் என்ன செய்திருப்பேன் என்று உனக்கே தெரியும். கல்லை விட்டு விலகி, மறுபக்கம் சாய்ந்தேன். அந்தப் பக்க விளிம்பு தாழ்ந்ததும் ஆறு முழுக்க உள்ளே வந்த மாதிரி இருந்தது. அடுத்த நொடி நான் தண்ணீருக்குள்.

அம்மா, குளிர் என்றால் நம் மார்கழி அல்ல. மூச்சு உள்ளே போய் நின்றுவிட்டது. "அம்மா" என்று ஒரே அலறல். பிறகு பாடம் ஞாபகம் வந்தது. மல்லாந்தேன், காலைத் தூக்கினேன், கண்ணை மூடிக்கொண்டேன், நெல்லையப்பரில் ஆரம்பித்து நம் தெருமுனைப் பிள்ளையார் வரை எல்லாரையும் கூப்பிட்டேன். கொஞ்ச தூரம் மிதந்ததும் முதுகுக்குக் கீழே சரளைக்கல் இடித்தது. கண்ணைத் திறந்தால் வள்ளியூரான் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கிறான். தண்ணீர் அவன் முழங்காலுக்கு.

கனூவைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்ட எல்லாருமாகக் கை கொடுத்தோம். என் சாப்பாட்டு டப்பா மட்டும் ஆற்றோடு போய்விட்டது. கீழே வேறொரு கனூவில் வந்த வெள்ளைக்காரப் பாட்டி ஒருத்தி துடுப்பாலேயே அதை ஒதுக்கிப் பிடித்து வைத்திருந்தாள். நீ கொடுத்தனுப்பிய டப்பாதான், நாலு பக்கமும் கிளிப் போட்டது. ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே இறங்கவில்லை. மணல்திட்டில் உட்கார்ந்து, ஈரத் துணியோடு, உன் புளிக்காய்ச்சலில் கிளறிய புளியோதரையை ஆறு பேரும் தின்றோம். பாட்டிக்கும் ஒரு கை கொடுத்தேன். மிளகாய் வற்றலைக் கடித்துவிட்டு ஆற்றுத் தண்ணீரைக் குடிக்கப் போய்விட்டாள் பாவம்.

அங்கேதான் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. மூக்கில் புளிக்காய்ச்சல் வாசனை, சட்டையில் ஆற்று வாசனை. இரண்டும் சேர்ந்தால் அது நம் படித்துறை. நீ துணி துவைத்து முடித்து, முந்தானையில் கை துடைத்து, தூக்குவாளியைத் திறப்பாய். யாரோ ஊரார் ஆற்றில் தலை முதல் கால் வரை நனைந்துவிட்டேன், என் ஆற்றில் முழங்காலுக்கு மேல் நனைந்ததில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. முகமெல்லாம் ஏற்கெனவே ஈரம் என்பதால் ஒருத்தனுக்கும் தெரியவில்லை. சரி, விடு. ஜோசியர் சொன்ன கண்டம் கழிந்தது என்று வைத்துக்கொள்.

வீட்டுக்கு வந்தால் எதிர்வீட்டுப் போர்த்துக்கீசியத் தாத்தா வாசலில் நின்றார். உப்பில் காய்ந்த மீனைக் கராஜில் தொங்கவிடுவார் என்று எழுதியிருந்தேனே, கருவாட்டு வாசனைக்காகவே நான் அந்தப் பக்கமாக நடப்பேனே, அவர்தான். அவருக்கும் எனக்கும் பொதுவாக இருபது வார்த்தை இருந்தால் அதிகம். என் ஷூவைப் பார்த்தார், சிரிக்கவில்லை. கழற்றச் சொல்லி, உள்ளே அவருடைய மொழிச் செய்தித்தாளைச் சுருட்டிச் சுருட்டித் திணித்தார். காலையில் ஷூ காய்ந்திருந்தது. அதற்குள் இருந்த தாளை நான் இன்னும் தூக்கிப் போடவில்லை, ஏன் என்று தெரியவில்லை.

வேலை நன்றாகப் போகிறது. இப்போது வாரத்துக்கு மூன்று நாள்தான் வரச் சொல்கிறார்கள், ஓய்வு நிறையக் கிடைக்கிறது. பணம் இந்த மாதம் ஒரு வாரம் பத்து நாள் தள்ளி வரும், வங்கியில் ஏதோ மாற்றுகிறார்கள். தங்கச்சி காலேஜ் பீஸ் மட்டும் கடைசித் தேதிக்குள் வந்துவிடும், அவள் கவலைப்பட வேண்டாம்.

இனி பெரியப்பா விஷயம். கன்னடியன் கால்வாய்ப் பாசன வயலை விற்க என் கையெழுத்தும் வேண்டும் என்று எழுதியிருந்தாய். வெள்ளத்தில் மணல் மூடினதிலிருந்து பயிர் சரியில்லை என்கிறார், உண்மைதான். 2023 டிசம்பரில் அப்பா அனுப்பிய போட்டோ இன்னும் என்னிடம் இருக்கிறது. ஆனால் மணலை அள்ளிப் போட்டால் வயல் வயல்தான். வேன்காரர் சொன்ன இன்னொன்று மனதில் நிற்கிறது. இந்த ஆற்றுக்கு இருபுறமும் ஆறு மைல் அகலத்துக்கு, 1784-ல் சிக்ஸ் நேஷன்ஸ் என்கிற ஆறு ஆதிக்குடி இனங்களுக்கென்று எழுதிக் கொடுத்த நிலமாம். இன்று அதில் நூற்றுக்கு ஐந்து பங்குகூட அவர்களிடம் இல்லை. எல்லாம் ஒவ்வொரு தாளாக, ஒவ்வொரு கையெழுத்தாகப் போனதுதான்.

அதனால் நான் இப்போதைக்குப் பவர் எழுதித் தரவில்லை. டொராண்டோவில் இந்தியத் துணைத் தூதரகத்தில் சான்று வாங்க வேண்டும், அது ஊருக்கு வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தாள் பணம் கட்ட வேண்டும் என்றெல்லாம் இருக்கிறது. பெரியப்பாவிடம் அந்தக் காரணத்தையே சொல், சண்டை வேண்டாம். பிசான நெல் சாகுபடிக்கு முன்னால் மணல் எடுக்க எவ்வளவு ஆகும் என்று அப்பா விசாரித்து வைக்கட்டும். பார்க்கலாம். அப்பா சர்க்கரைப் பரிசோதனைச் சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பவே இல்லை, அதையும் கேட்டேன் என்று சொல்.

அப்புறம், அக்கா பையனுக்கும் ஜாதகம் பார்க்கப் போவதாக எழுதியிருந்தாய். என்ன வேண்டுமானாலும் பார். ஆனால் முழுப்பரீட்சை லீவில் வந்தால் அவனுக்கு ஒரு சுரைக்குடுக்கையைக் கட்டி, மேலத்தெரு மாமாவோடு ஆற்றில் இறக்கிவிடு. மூன்றாம் படியில் நிறுத்தாதே.

புளிக்காய்ச்சல் இரண்டு கரண்டிதான் மிச்சம். வள்ளியூரான் ஆகஸ்ட் முதல் வாரம் திரும்புகிறான், அவனிடம் அரைக் கிலோ கொடுத்துவிடு, அப்பளம் போதும். என்னைப் பற்றி அவனிடம் துருவித் துருவிக் கேட்காதே. நடந்தது நான் எழுதினதுதான், அலறினதை மட்டும் கொஞ்சம் குறைத்து எழுதியிருக்கிறேன். வேலை, வாடகை என்று வேறு ஏதாவது சொன்னால் நம்பாதே, அவன் எதையும் இரண்டு மடங்காக்கித்தான் சொல்லுவான்.

உன்
பெரியவன்