ஸ்தால் சுலைமானைப் படிக்கும் முன்

அன்பு மகளுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

ருஷ்யாவின் தாகெஸ்தானில், மகச்கலாவில் இருந்துகொண்டு கவிஞர் சுலைமான் ஸ்தால்ஸ்கியின் பாடல்களை ருஷ்ய மொழிபெயர்ப்பில் படிக்கத் தொடங்கியிருக்கிறாய். நல்லது. ஆனால் அதோடு நிறுத்திவிடாதே, கண்ணு.

'ஸ்தால்ஸ்கி' ருஷ்யர்களின் வழக்கு. அவருடைய சொந்த மக்களான, தெற்குத் தாகெஸ்தானின் லெஸ்கின்காரர்களுக்கு அவர் ஸ்தால் சுலைமான். ஸ்தால் என்பது ஊர்ப்பெயர். அதிலுள்ள 'த' நம்முடையது போலல்ல. தொண்டையை அடைத்து, மூச்சு விடாமல், நாக்கை மட்டும் டக்கென்று எடுக்க வேண்டும். எழுத்தில் அதற்காக ஒரு நெட்டுக்கோடு போடுவார்கள். பலர் அந்தக் கோட்டுக்குப் பதில் 1 என்ற எண்ணைத் தட்டிவிடுவதால், இணையத்தில் தேடினால் பாடல் அகப்படாது. இரண்டு விதமாகவும் தேடிப் பார்.

1869-இல் பிறந்தவர். தாய் தகப்பனைச் சிறுவயதிலேயே இழந்து, 13 வயதில் கூலி வேலைக்குப் போனார். தெர்பெந்த், சமர்கந்து, பாக்குவின் எண்ணெய் வயல்கள் என்று அலைந்தார். எழுதப் படிக்கத் தெரியாது. வாயால் பாடினார், மற்றவர்கள் எழுதிக்கொண்டார்கள். ஒரே பாட்டு இரண்டு நூல்களில் வேறு வேறாக இருந்தால் அச்சுப்பிழை என்று நினைத்துவிடாதே. லெஸ்கின் மொழிக்கு அரபு எழுத்து போய் 1928-இல் லத்தீன் வந்தது, 1938-இல் ருஷ்ய மொழிக்குரிய சிரிலிக் எழுத்து. அவர் மௌத்தானது 1937 நவம்பரில். இன்று அவர் பாடல்கள் அச்சாகும் எழுத்தே அவருக்குப் பின் வந்ததுதான்.

எந்தப் பாட்டானாலும் முதலில் ஆண்டைப் பார். ருஷ்யப் புரட்சிக்கு முன் நீதிபதிகளையும் முல்லாக்களையும் பணக்காரர்களையும் நேருக்கு நேர் கேள்வி கேட்டவர். 1934-இல் தாகெஸ்தானின் மக்கள் கவிஞர் பட்டம் பெற்றார். அதே ஆண்டு மாஸ்கோ எழுத்தாளர் மாநாட்டில் ருஷ்ய எழுத்தாளர் கார்க்கி அவரை இருபதாம் நூற்றாண்டின் ஹோமர் என்றார். அந்தக் காலத்து ஸ்டாலின் புகழ்ப்பாக்களை மட்டும் படித்தால் ஆளே தெரியமாட்டார். பழைய கிராமத்துப் பாடல்களில்தான் அவருடைய உயிர் இருக்கிறது. 'புல்புல்' பாட்டிலிருந்து தொடங்கு.

மொழிபெயர்ப்பில் பொருள் ஓரளவு வரும், ஓசை வராது. நான்கடிச் செய்யுள், மூன்று அடி ஒன்றுபோல் முடிய, நான்காவது அடி முந்தைய செய்யுளின் நான்காவதோடு போய்ச் சேரும். கடைசிச் செய்யுளில் 'சுலைமான்' என்று தன் பெயரைச் சொல்லி முடிப்பார். லெஸ்கின் தெரிந்தவரை உரக்க வாசிக்கச் சொல், ஒவ்வொரு நான்காம் அடியிலும் விரலை மடக்கிக்கொண்டே கேள்.

அவருக்கு முந்திய லெஸ்கின் கவிஞர் எதிம் எமின், 1884-இல் மௌத்தானவர். எத்தீம்கானா என்கிறோமே, அதே எத்தீம்தான் அந்தப் பெயரில் இருப்பது. அவரையும் தேடிப் படி.

லீவு கிடைத்தால் தெர்பெந்த் வழியாகக் காசும்கென்ட் போ. பக்கத்திலேயே அவர் பிறந்த அஷாகா-ஸ்தால். அவர் வீடு இப்போது அருங்காட்சியகம். தனியாகப் போகாதே, லெஸ்கின் பேசும் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போ.

வாப்பா